நகலில்தான் சோதித்தேன்

மார்ச் 3, திங்கள்

காலையில் லாகின் செய்ததும் ஆப் கட்டும் தளத்தின் முகப்பே மாறியிருந்தது. நடுவில் ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி. "உங்களுக்கு என்ன வேண்டும்? சொல்லுங்கள், நாங்களே செய்து தருகிறோம்." ஏழு வருடமாக நான் குடியிருக்கும் கட்டுமானப் பக்கத்தைத் தேடினேன். இடது மூலையில் ஒரு பட்டியல், அதைத் திறந்தால் கடைசி வரியில் இருக்கிறது. கடைசியில்.

கேட்காமலே செய்து தருகிறேன் என்று வருகிறவர்களை நான் என்றைக்கும் நம்பியதில்லை.

எங்கள் டயாலிசிஸ் மையத்தில் பதினான்கு நாற்காலி, நாளைக்கு மூன்று ஷிஃப்ட், எழுபத்திரண்டு நோயாளிகள். யார், எந்தக் கிழமை, எந்த நாற்காலி என்பதை என் ஆப்தான் சொல்கிறது. புரோகிராம் எழுதத் தெரியாத வரவேற்பு மேசைக்காரி, கட்டங்களை இழுத்து, கோடு போட்டு இணைத்துச் செய்தது. ஒரு நாள்கூட நின்றதில்லை. இப்போது மூலைக்குத் தள்ளியிருக்கிறார்கள். ஏன்?

மார்ச் 4, செவ்வாய்

"பழைய கட்டுமானப் பக்கம்" என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நேற்று வரை அது பழையதாக இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

மின்னஞ்சல். தளத்தை ஆழமாகப் பயன்படுத்தும் நாற்பது பேரைப் பொறுக்கி 'முன்னோடிகள் வட்டம்' என்று வைத்திருக்கிறார்களாம். அதில் நானும் ஒருத்தி. எதிர்காலத் திசை பற்றி என் கருத்து வேண்டுமாம். முதலில் மனசு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போதுதான் உறுத்தியது.

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். லிஃப்ட் மெக்கானிக்குக்கு எல்லாமே லிஃப்ட்தான்.

"பழைய லிஃப்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி நாங்களும் குடியிருக்கிறவங்களைக் கூப்பிட்டு, டீ குடுத்து, கருத்துக் கேப்போம். புது லிஃப்டுக்கு அதுக்கு முந்தின வாரமே ஆர்டர் போயிருக்கும்."

"அப்ப எதுக்குக் கேக்கறீங்க?"

"கேட்டோம்னு சொல்றதுக்கு."

மார்ச் 13, வியாழன்

வீடியோ கூட்டம். நீலச் சட்டைக்காரர் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். 'பயணம்' என்ற சொல் பதினோரு முறை வந்தது. எண்ணினேன்.

கடைசியில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பழைய பக்கம் எதுவரை இருக்கும்?

"இப்போதைக்கு அதை எடுக்கிற எண்ணம் எதுவும் இல்லைங்க."

இப்போதைக்கு. நாற்பது பேரில் எத்தனை பேர் அந்தச் சொல்லைக் கவனித்தார்கள் என்று தெரியவில்லை. டோயிங்காரர் கவனித்தார். பழுதான வண்டிகளை இழுத்துப் போகும் தொழில், வேறு ஊர், அவரும் என்னைப் போலத் தானே கட்டிக்கொண்டவர். எங்கள் பயனர் மன்றத்தில்தான் பழக்கம். கூட்டம் முடியும் முன்பே தனியாகச் செய்தி அனுப்பினார்: "இப்போதைக்குன்னா அறிவிப்பு வர்ற வரைக்கும்னு அர்த்தம்."

இவர்கள் போகிற திசை எனக்குப் புரியாமல் இல்லை. நாற்பது பேருக்காக யாரும் தளம் நடத்த மாட்டார்கள். ஒரு வரி எழுதி, வந்ததை வாங்கிக்கொண்டு போகிற லட்சக்கணக்கானவர்கள் வேண்டும். வரட்டும். ஆனால் ஒரு நோயாளி ஏன் மூன்றாம் நாற்காலிக்குப் போனார் என்று பழைய பக்கத்தில் கேட்டால், கோட்டைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய்க் காரணத்தைப் பார்த்துவிடலாம். புதியதிடம் கேட்டால் "உங்கள் தேவைக்கேற்ப அமைத்திருக்கிறேன்" என்கிறது. இது ஒரு பதிலா? காரணத்தைக் காட்டாத ஒன்றிடம் ஊசி குத்திக்கொள்கிற மனிதர்களை எப்படி ஒப்படைப்பது?

மார்ச் 17, திங்கள்

இன்று டாக்டர் என் மேசையில் வந்து சாய்ந்துகொண்டார். மையம் அவருடையது. சாய்ந்து நிற்கிறார் என்றால் ஏதோ இருக்கிறது.

"ஒரு வரி சொன்னா போதும், அதுவே ஆப் செஞ்சு குடுத்துடுதாமே. விளம்பரம் பாத்தேன்."

"நானும் பாத்தேன் சார்."

"நம்மளுதையும் அதுக்கு மாத்திட்டா உங்களுக்கு வேலை குறையும்ல."

வேலை குறையும். குறைந்த பிறகு? மேசைக்கு ஒரு ஆள், ஆப்புக்கு ஒரு ஆள் என்று ஒரே உடம்பில் இரண்டு பேராக இருந்தேன். அதில் ஒருத்தி போனால் மிச்சமிருக்கிறவள் போன் எடுப்பதற்கு மட்டும்தானே? நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் இப்படிச் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பிப்பார்கள்.

மார்ச் 22, சனி

இன்று அதைச் சோதித்தேன். உண்மையைச் சொன்னால், சோதிக்கவில்லை, குற்றம் கண்டுபிடிக்கப் போனேன்.

உண்மையான ஆப்பைத் தொடுவேனா? ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். அதற்குள் வெள்ளைப் பெட்டியைத் திறந்து ஒரே வரி எழுதினேன்: இந்த நோயாளிகளை இந்த நாற்காலிகளில் மூன்று ஷிஃப்டாக உட்கார வை. நான்கு நிமிடம். எனக்கு எட்டு மாதம் ஆன வேலை. நிறமெல்லாம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. வயிறு எரிந்தது.

ஒரு மணி நேரம் நோண்டினேன். கடைசியில் மாட்டியது. ஆறு பேரைப் பொதுக்கூடத்தில் உட்கார வைத்திருந்தது. அந்த ஆறு பேருக்கும் கல்லீரல் வைரஸ் உண்டு. அவர்களுக்கு உள் அறையில் தனி இயந்திரம், பதினான்காம் நாற்காலி. அந்த இயந்திரத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாது, அவர்களும் வேறு எதிலும் உட்காரக் கூடாது. இது அதற்கு எப்படித் தெரியும்? எங்கேயும் எழுதவில்லையே. வரவேற்பில் என் திரை எல்லார் கண்ணிலும் படும், நோயின் பெயர் அதில் தெரியக் கூடாது என்று நான் ஆப் கட்டும்போதே டாக்டர் சொல்லியிருந்தார். நோயாளிகளின் விவரம் இருக்கும் டேபிளில் வீட்டுத் தொலைபேசி என்று ஒரு பத்தி சும்மா கிடந்தது. அந்த ஆறு பேருக்கும் அதில் வரிசையாக ஒன்பது ஒன்பதாகப் போட்டு, ஒன்பதாக இருந்தால் உள் அறை என்று ஒரு கோடு இழுத்துவிட்டேன். அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

ஆக, மாட்டிவிட்டது. சந்தோஷமாக இருந்தது. அதோடு விடாமல், "முப்பத்தொரு திருத்தங்கள் பரிந்துரைக்கிறேன்" என்று கேட்டதற்கு, எவ்வளவு தூரம் கெடுக்கிறது பார்க்கலாம் என்று 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' அழுத்திவிட்டு மூடினேன். என்னவென்று படிக்கக்கூட இல்லை. நகல்தானே.

மார்ச் 24, திங்கள்

காலை ஷிஃப்டில் உள் அறைக்கு வருகிற பெண் திரையைப் பார்க்காமல் பழக்கத்தில் நேராக உள்ளே போய்விட்டாள், அதனால் அப்போது ஒன்றும் தெரியவில்லை.

பதினோரு மணி ஷிஃப்ட். கூடம் நிறைய ஆள். கண்ணாடிக் கடைக்காரர் வழக்கம்போல வந்து, என் திரையில் தன் பெயருக்கு எதிரே ஐந்து என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். ஆறு பேரில் ஒருவர் அவர். உதவி நர்ஸ் புதிது, திரையைப் பார்த்து, அவர் கையில் பட்டை கட்டி, குத்துவதற்கு ஊசியை எடுத்துவிட்டாள். பெரிய சிஸ்டர் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"அவருக்கு இங்க வேணாம். எழுந்திரிங்கய்யா. உள்ள வாங்க."

ஊசி ஏறவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பக்கத்து நாற்காலிக்காரர் "ஏன், அவருக்கு மட்டும் என்ன?" என்று கேட்டார். ஆறாம் நாற்காலி அம்மா தன் போர்வையை இழுத்து அந்தப் பக்கம் ஒதுக்கிக்கொண்டார். கண்ணாடிக் கடைக்காரர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

வீட்டுத் தொலைபேசிப் பத்தியைத் திறந்தேன். ஆறு பேருக்கும் போட்டிருந்த ஒன்பதுகள் காலி. தளத்துக்காரர்கள் துடைத்து வைத்திருக்கிறார்கள்! கேட்காமல், சொல்லாமல், என் டேபிளுக்குள் வந்து!

ஒன்பதுகளைத் திரும்பப் போட்டேன். சாயங்காலம் மன்றத்தில் எழுதிவிட்டேன். "இன்று ஒரு நோயாளியின் உயிரோடு விளையாடியிருக்கிறீர்கள்" என்று ஆரம்பித்தது. அரை மணியில் இருநூறு பேர் ஆமோதித்தார்கள். டோயிங்காரர் எழுதினார்: "இதைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தோம்." நானும்தான்.

மார்ச் 25, செவ்வாய்

தளத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். குரல் அவ்வளவு பணிவு. பணிவாகப் பேசினாலே எனக்கு உஷார் வந்துவிடும்.

"அந்தத் திருத்தம் எங்க சைடுல நடக்கலைங்க. மாற்றங்களோட பதிவுல உங்க பேர் இருக்கு. சனிக்கிழமை மத்தியானம் மூணு நாற்பது."

"நான் நகல்லதான் சோதிச்சேன்."

"ஆப்பை நகல் எடுத்திருக்கீங்க. டேபிளை எடுக்கலை. நகலும் அதே டேபிளைத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு."

எனக்குத் தெரியும். இது எனக்குத் தெரியும். மன்றத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், ஆப் வேறு, டேபிள் வேறு என்று. தவறான தொலைபேசி எண் என்று அது ஆறையும் துடைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறது. நான்தான் சரி என்றேன்.

"நாங்க பொதுவுல எதுவும் சொல்லலைங்க. நீங்களே பாத்துக்குவீங்கன்னு…" என்று இழுத்தார்.

மன்றத்தில் போட்ட பதிவை இன்னும் எடுக்கவில்லை. அவர் ஏன் அவ்வளவு மரியாதையாகப் பேச வேண்டும்? என் கையாலேயே எடுக்க வைக்கத்தானே? சரி, அப்படியே இருக்கட்டும். அதனால் நான் அழுத்தவில்லை என்று ஆகிவிடுமா?

மார்ச் 26, புதன்

கண்ணாடிக் கடைக்காரர் வரவில்லை. போன் எடுக்கவில்லை.

டயாலிசிஸ் இல்லாமல் மூன்று நாளைக்குமேல் போனால் மூச்சு முட்டும் என்று சிஸ்டர் சொன்னார். வெள்ளிக்கிழமையும் வரவில்லை என்றால்?

டாக்டரிடமும் சிஸ்டரிடமும் சொல்லிவிட்டேன். தளம் இல்லை, நான்தான் என்று. டாக்டர் "வீட்டு போன் பத்தியிலயா வெச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

சிஸ்டர்தான் விடவில்லை.

"ஏழு வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கோம். ஒரு வார்த்தை சொன்னியா? மிஷினுக்கு எப்படியோ தெரியுதுன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நாளைக்கு நீ லீவு போட்டா?"

"நான் லீவே போடுறதில்லையே சிஸ்டர்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவர் போன பிறகு அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணத்தைக் காட்ட மாட்டேன் என்கிறது என்று எதை வைதேனோ, அதையேதான் நானும் செய்திருக்கிறேன். திரையில் நோய்ப் பெயர் தெரியக் கூடாது என்பது சரி. சிஸ்டருக்குக்கூடத் தெரியக் கூடாது என்று யார் சொன்னது? எனக்கு மட்டும் தெரிந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான். வெட்கமாக இருக்கிறது.

பதிவை எடுத்தேன். எடுத்த இடத்தில் "தவறு என்னுடையது. நகல் என்று நினைத்து உண்மையான டேபிளில் அழுத்திவிட்டேன்" என்று எழுதினேன். யாரும் ஆமோதிக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

அவர் கடைக்குப் போனேன். வெட்டுவதற்கு அளவு குறித்த கண்ணாடிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். முகம் ஊதியிருந்தது. பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கினார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பதுகள், நகல், நான் அழுத்தியது. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ.

"ஆக, மிஷின் பண்ணலை. நீங்க பண்ணினீங்க."

"ஆமாங்கய்யா. நான்தான்."

"அந்தம்மா போர்வையை இழுத்துக்கிட்டாங்க, பாத்தீங்களா? மூணு வருஷமா அந்தம்மாவும் நானும் ஒண்ணா பஸ் ஏறுவோம்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், திரும்ப வைத்தார்.

"காலையில முதல் ஷிஃப்ட்டுன்னா கூடத்துல யாரும் இருக்க மாட்டாங்களா?"

"ஆறு மணிக்கு முன்னாடி வந்தா யாரும் இருக்க மாட்டாங்க."

"பாக்கலாம்."

முதல் ஷிஃப்டில் உள் அறைக்கு வருகிற பெண்ணிடம், பதினோரு மணிக்கு மாறிக்கொள்ள முடியுமா என்று போனில் கேட்டேன். காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மாற்றிக்கொள்கிறேன் என்றாள்.

மார்ச் 28, வெள்ளி

ஐந்து ஐம்பதுக்கு வந்தார். என்னைப் பார்க்காமல் நேராக உள்ளே போனார். சிஸ்டர் கதவைச் சாத்தினார். நான் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டு அழுதேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

அறிவிப்பு வந்துவிட்டது. பழைய கட்டுமானப் பக்கம் செப்டம்பர் முப்பதோடு நிறுத்தம். எல்லா ஆப்பும் வெள்ளைப் பெட்டிக்கு மாற வேண்டும். நான் நினைத்தது அப்படியே நடந்திருக்கிறது. ஒரு துளி சந்தோஷம் இல்லை.

டோயிங்காரர் மன்றத்தில் எதிர்ப்பு எழுதினார். நோயாளிகளுக்கு ஆபத்து என்று அதில் ஒரு வரி. கீழே யாரோ உடனே கேட்டிருக்கிறார்கள்: "போன மாசம் ஒருத்தங்க இப்படித்தான் சொன்னாங்க, கடைசியில அவங்களே பண்ணினதுன்னு ஆச்சே?" அதற்கு நிறைய ஆமோதிப்பு. டோயிங்காரர் எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினார்: "நாம சொன்னது நிஜம்னு இனிமே யாரு நம்புவா?" பதில் எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது? அவர் கேட்பது நியாயம்தான்.

மத்தியானம் சிஸ்டர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். செப்டம்பருக்குள் ஒவ்வொரு விதியையும் எழுதி வைத்துவிட வேண்டும், எந்தப் பெட்டியிடம் சொன்னாலும் முழுசாகச் சொல்கிற மாதிரி. நான் கட்டத்தைக் காட்டுகிறேன், சிஸ்டர் "இது எதுக்கு?" என்கிறார், நான் சொல்வதை எழுதிக்கொள்கிறார். மொத்தம் நாற்பத்தாறு விதிகள். இரண்டுக்கு எனக்கே காரணம் தெரியவில்லை. சிஸ்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

கண்ணாடிக் கடைக்காரரின் வரியும் வந்தது. உள் அறை, முதல் ஷிஃப்ட் என்று சிஸ்டர் எழுதினார்.

"காரணம்னு என்ன போடட்டும்? இதை எல்லாரும் படிப்பாங்க."

யோசித்தேன்.

"அவர் கேட்டார்னு போடுங்க சிஸ்டர்."