பில்லிங் கவுண்டர் பர்வீனுக்காகப் பேசினேன், அண்ணா

என் ஆசை அண்ணனுக்கு,

நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோன பிறகு ஒரு தீபாவளியும் பொங்கலும் முடிந்துவிட்டன. நீ இருந்திருந்தால் இந்தச் சேதியை முதலில் உன்னிடம்தான் சொல்லியிருப்பேன். இப்போதும் உனக்கே எழுதுகிறேன்.

நான் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தேனே, அந்த நாட்களில் குளியல் இல்லை, சோறு இறங்கவில்லை, காரணமே தெரியாத அழுகை. சோம்பேறித்தனம் என்றார்கள். அம்மா தாயத்து கட்ட வேண்டும் என்றாள். நீ அதையும் தடுக்கவில்லை. கட்டிய கையோடு என்னை உன் ஆட்டோவில் ஏற்றினாய். மந்தைவெளி ஸ்டாண்டில் யாரோ எங்கே என்று கேட்டதற்கு, "தங்கச்சிக்கு மனசு சரியில்ல, டாக்டராண்ட போய்க்கினு கீறோம்" என்று சத்தமாகவே சொன்னாய். எனக்கு வந்த கோபத்தில் ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வரும்வரை உன்னோடு பேசவில்லை. உனக்கு மட்டும் எப்படிக் கூச்சமே இல்லாமல் போனது?

வைத்தியம்தான் என்னை எழுப்பி நிறுத்தியது. ஆனாலும் தி.நகர் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தபின் யாரிடமும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

எங்கள் பில்லிங் கவுண்டரில் பர்வீன் என்றொரு பெண். தீபாவளிக் கூட்டத்தின் நடுவே அவளுக்குக் கை நடுங்கி, மூச்சு முட்டி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குடோனுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். வாரக்கணக்கில் தூக்கமே இல்லையாம். மறுநாள் காலை, கடை திறக்குமுன் எல்லோரும் நிற்கும்போது, இந்த மாதிரி மெண்டல் கேஸையெல்லாம் வைத்துக்கொள்ள முடியாது, அனுப்பிவிடலாம் என்று மேனேஜர் முதலாளியிடம் சொன்னார். பர்வீன் தலை நிமிரவில்லை.

என் வேலையும் போகலாம் என்று தெரிந்துதான் பேசினேன்.

"சார், நானும் இதுக்குத்தான் மாத்திரை சாப்புட்றேன். இங்க சேந்த நாள்லேந்து."

முதலாளி திரும்பிப் பார்த்தார். "நீயா? பட்டு செக்‌ஷன்ல நீதானம்மா நல்லா விக்கிற?"

"வைத்தியம் பாத்ததாலதான் சார் நிக்கிறேன். அவளுக்கும் லீவு குடுங்க, பாத்துக்கினு வரட்டும்."

அவர் பர்வீனை ஒருமுறை பார்த்தார். பிறகு, காய்ச்சலுக்குக் கொடுக்கும் லீவை இதற்கும் கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பர்வீன் பொங்கலுக்கு முன்பே திரும்பி வந்துவிட்டாள். இப்போது பில் போட்டுக்கொண்டே வாடிக்கையாளர்களிடம் ஊர்க்கதை பேசுகிறாள்.

எல்லோரும் மாறிவிடவில்லை. ஒருத்தி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்திலிருந்து தள்ளிப் போனாள். ஆனால் அதே மேனேஜர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பிரசவமான மகள் குழந்தையைத் தொடவே மாட்டேன் என்கிறாளாம். "வெளிய சொல்ல முடியலம்மா. எந்த டாக்டர்?" என்றார். நானே கூடப் போய்க் காட்டிவிட்டு வந்தேன். இப்போது தேறி வருகிறாள்.

அடுத்த மாதம் ஒரு மனநல மருத்துவரைக் கடைக்கு அழைத்திருக்கிறார் முதலாளி. என்னையும் பேசச் சொல்லியிருக்கிறார். அத்தனை பேர் முன்னாலும் என் பெயரைச் சொல்வேன், என் நோயின் பெயரையும் சொல்வேன் அண்ணா. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
மல்லிகா