செருப்புக்குள் ஒரு கல்

மார்ச் 3

டேய் ஓணான்,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்தக் கம்ப்யூட்டரையே மென்று தின்கிறாயா? நானும் பாப்பாவும் சுகம். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். முகமூடி போட்டுத்தான் வேலை, அதனால் என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. என் புருஷன் உடைத்த கை ஈரம் பட்டால் மட்டும் வலிக்கிறது.

போன் வாங்கு, போன் வாங்கு என்று உயிரை எடுக்காதே. வாங்கினால் ஒரே வாரத்தில் அந்த ஆள் வாசலில் வந்து நிற்பான். கடிதத்தை வழக்கம்போல என் சிநேகிதி வீட்டுக்கே அனுப்பு, அவள் எனக்கு அனுப்பிவைப்பாள். நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று உனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. கட்டிவைத்து அடித்தாலும் உன்னால் சொல்ல முடியாதே!

ஒன்று கேட்க வேண்டும். இங்கே பேருந்து நிலையத்தில் புதிதாகக் கேமரா மாட்டியிருக்கிறார்கள். அடியில் உங்கள் கம்பெனி முத்திரை. முகத்தை மூடினாலும் நடையை வைத்தே ஆளைப் பிடித்துவிடுமாமே, நிஜமா? அவன் ஊர்ப் பேருந்து நிலையக் கேமரா அறைக்கு அவன்தானே சூப்பர்வைசர்.

பாப்பா பூங்காவுக்குப் போகணும் என்று தினமும் அழுகிறாள். பஸ் ஏறித்தான் போக வேண்டும். அவளுக்கு என்ன சமாதானம் சொல்ல?

உன் வாத்து


மார்ச் 12

அன்புள்ள வாத்தக்கா,

நிஜம்தான். என் பிழைப்பே அதுதான். ஆட்கள் நடக்கிற வீடியோவை நிறுத்தி நிறுத்தி, இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று புள்ளி வைப்பேன். அப்படி ஆயிரக்கணக்கான பேரைக் காட்டினால் மெஷின் தானாகவே பிடித்துக்கொள்கிறது, யாருக்கு எந்தக் கால் எவ்வளவு நேரம் தரையில் நிற்கிறது, எந்தத் தோள் முதலில் ஆடுகிறது என்று. காணாமல்போன குழந்தைகளைத் தேடத்தான் இது என்று சொல்லி எங்களை வேலைக்கு எடுத்தார்கள். போன மாதம் ஒரு குழந்தை கிடைத்தது. ஆபீசில் எல்லோரும் அழுதோம், நானும்தான்.

இடது பாதம் உள்ளே திரும்பி அசைந்து அசைந்து போகும் உன் நடை யாருக்குத் தெரியாது? கல்யாண வீடியோ அவன் கையில் இருக்கிறது. அதில் நீ நடக்கிற துண்டு ஒன்று போதும், தேடும் பட்டியலில் உன்னைச் சேர்த்துவிடுவான். எல்லா ஊர்க் கேமராவுக்கும் மெஷின் ஒன்றுதான். பேருந்து நிலையத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதே.

உன் ஓணான்


மார்ச் 22

டேய்,

திட்டாதே. உன் கடிதம் வருவதற்கு முன்பே ஒரு நாள் போய்விட்டேன். வலது செருப்புக்குள் ஒரு சின்னக் கல்லைப் போட்டுக்கொண்டு நொண்டிக்கொண்டே போனேன். பாப்பா விடுவாளா? "அம்மா, ஏன் வேற ஆள் மாதிரி நடக்குற?" என்றாள். "விளையாட்டுடி" என்றேன். உடனே அவளும் ஒரு கல்லைப் பொறுக்கித் தன் செருப்புக்குள் போட்டுக்கொண்டாள். தாயும் மகளும் நொண்டிக்கொண்டே ஊஞ்சல் வரை போனோம். நான் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று!

யாரும் எங்களைத் தேடி வரவில்லை. இந்தக் கல்லை நம்பலாமா? உனக்குத்தானே தெரியும், பார்த்துச் சொல்.

உன் வாத்து


ஏப்ரல் 1

அக்கா, நீ பலே கைகாரி!

நம்பலாம். ஆபீஸ் சோதனைக் கூடத்தில் கல்லைப் போட்டுக்கொண்டு நானே நடந்து பார்த்தேன். மெஷினுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. அப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. சின்னக் கல், பெரிய கல், இடது கால், வலது கால் என்று மாற்றி மாற்றி, ஒரு வாரம் சாப்பாட்டு நேரம் முழுக்க நடந்தேன். பக்கத்து சீட்டுக்காரனையும் கெஞ்சி நடக்கவைத்தேன். ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. "என்னப்பா, கால்ல ஆணியா?" என்று மேனேஜர் கிண்டல் பண்ணினார். பாதம் புண்ணாகிவிட்டது, போகட்டும்.

நிம்மதியாகப் போய் வா. பாப்பாவை இன்னும் உயரமாக ஆட்டிவிடு, மாமா சொன்னான் என்று.

உன் ஓணான்


ஏப்ரல் 20

அக்கா,

வெளியே வராதே. பேருந்து நிலையத்துக்குப் போகவே போகாதே. கல் இனிமேல் உதவாது.

இன்று மீட்டிங்கில் மேனேஜர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "நம்ம மெஷின்ல ஒரு பெரிய ஓட்டை இருந்திருக்கு. இவன் யார்கிட்டயும் சொல்லாம அதைக் கண்டுபிடிச்சு அடைச்சும் குடுத்துட்டான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

சோதனைக் கூடத்தில் மெஷின் கோட்டைவிட்ட நடையெல்லாம் தானாகவே அதன் அடுத்த பாடத்தில் சேர்ந்துவிடும். அது எனக்குத் தெரியும் அக்கா. தினமும் நான் பார்க்கிற வேலையே அதுதான். உன்னைப் பற்றிய கவலையில் அது புத்தியில் உறைக்கவே இல்லை. கல்லைப் போட்டு நடந்தாலும் ஆள் யாரென்று கண்டுபிடிக்க, ஒரு வாரம் நடந்து நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது திங்கட்கிழமையே எல்லா ஊர்க் கேமராவுக்கும் போய்விட்டது.

எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார். உன்னைக் காட்டிக்கொடுக்காமல் நான் என்ன காரணம் சொல்வேன்?

உன் சிநேகிதி வீட்டுக்கு ஓடி வந்தேன். பூட்டியிருக்கிறது. வெளியூர் போயிருக்கிறாளாம், எப்போது வருவாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியவில்லை. அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், கதவுக்கடியில் தள்ளிவிடுவேன். நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்திருந்தால் இந்நேரம் பறந்து வந்திருப்பேனே!

மன்னித்துவிடு என்று எழுதவும் கை வரவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு எங்காவது போய்விடு.

தம்பி


மே 9

அன்புள்ள தம்பிக்கு,

நானும் பாப்பாவும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். அவரே நேரில் வந்து எங்களை அழைத்து வந்தார். பேருந்து நிலையத்தில் பாப்பாவைத் தூக்கிப் பஸ் படியில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன், பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

வேலையை விட்டுவிட்டேன். நான் இனி வெளியே போகத் தேவையில்லை என்று அவர் சொல்லிவிட்டார். பாப்பா இப்போதெல்லாம் எதற்கும் அடம் பிடிப்பதில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. சமர்த்தாக இருக்கிறாள்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன்.

இனிமேல் எனக்குக் கடிதம் போட வேண்டாம். நீ இங்கே வரவும் வேண்டாம். உன் கடிதம் எதுவும் இனி என் கைக்கு வராது. இதையும் அவர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தபாலில் போடுவார்.

உனக்கு ஒன்று எழுதச் சொன்னார். புள்ளி வைக்கிறதெல்லாம் ஒரு வேலையா என்று முன்பு உன்னைக் கேலி செய்தது தப்பு என்று நினைக்கிறாராம். உங்கள் மெஷின் மிகவும் நன்றாக வேலை செய்கிறதாம். உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அக்கா