அப்பாவுக்கு ஒரு பட்டன்

உலு திராம்,
ஞாயிறு காலை

அன்பு மகள் லோஷினிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆக்லாந்து குளிர் உனக்குப் பழகிவிட்டதா? காது மூடும் தொப்பி வாங்கினாயா? இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

போனில் பேசாமல் ஏன் ஈமெயில் என்று நினைப்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா? சமையலறையில் பேசினால் வாசல்வரை கேட்கும். அப்பாவுக்குப் பேச்சுதான் போனது. காதும் நினைவும் அப்படியே இருக்கின்றன. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது? நீயும் "அப்பா எப்படிம்மா?" என்று கேட்கிறாய், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறாய்.

பக்கவாதம் வந்ததிலிருந்து எது வேண்டுமானாலும் கட்டிலைத் தட்டுவார். நான் தண்ணியா, காற்றாடியா, காலு வலிக்குதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். தப்பாகக் கேட்கக் கேட்க அவர் கண் சிவந்துவிடும். எழுதிக் காட்டவும் முடியவில்லை. பேச்சோடு எழுத்தும் போய்விட்டது என்கிறார் டாக்டர். செனாயில் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு அதட்டலில் மொத்த ஷிப்டையும் வேலை வாங்கியவர் உன் அப்பா செல்லப்பன் என்று ஊருக்கே தெரியும். இப்போது அவருக்காக நான் ஊகித்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கென்று போனில் செயலிகள் இருக்கின்றன. போட்டுக் காட்டினேன். படம் சின்னது, குரலோ செய்தி வாசிப்பதுபோல இருந்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதனால்தான் நீ விட்டுப்போன கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, சமூக மண்டபத்தில் சனிக்கிழமை நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். ஹேமநாதன் என்பவர் சொல்லித்தருகிறார். கம்ப்யூட்டர் திரையில் நமக்கு வேண்டிய ஜன்னலை, நமக்கு வேண்டிய பட்டன்களோடு நாமே செய்துகொள்ளலாம் என்றார். முதல் நாள் ஒன்றும் புரியவில்லை. வகுப்புக்குப் போனால் அங்கே கற்றுத்தருவதும் 'கிளாஸ்' என்கிறார்கள்!

நான் தண்ணீருக்கு ஒரு பட்டன், சோற்றுக்கு ஒரு பட்டன் என்று தனித்தனியாக முழுசாக எழுதிவைத்திருந்தேன். அப்பா கைக்கு எல்லாம் சின்னதாக இருந்தது. பெரிதாக்கப் போனால் ஒவ்வொன்றையும் திருத்த வேண்டியதாயிற்று. ஹேமநாதன் பார்த்துத் தலையில் கை வைத்துவிட்டு, "அலமாக், இப்படி எழுதினா எப்ப முடிப்பீங்க அக்கா? ஒரு பட்டனுக்கு என்ன என்ன வேணும்னு ஒரே கிளாஸ்ல எழுதுங்க. மத்ததெல்லாம் அதுலேர்ந்து பொறக்கட்டும் லா" என்றார். நான் பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவள், கிளாஸ் என்பது அச்சு மாதிரி என்று பிடிபட்டது. அச்சைத் திருத்தினால் வாளி எல்லாம் மாறும். அதன் பிறகு வேகமாகப் போனது. ஒரு கிளாஸிலிருந்து பிறக்கும் பிள்ளை கிளாஸ், தாயிடம் உள்ளதை எடுத்துக்கொண்டு, வேண்டியதை மட்டும் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாமாம். தாய் கிளாஸ் அதற்காகச் சண்டைக்கு வருவதில்லை.

பட்டன்களைப் பெரிதாக்கி, என் குரலைப் பதிவு செய்து வைத்த முதல் நாள் அப்பா தண்ணீர் பட்டனை அழுத்தினார். குரல் வருவதற்குள் ஜன்னல் அப்படியே உறைந்துபோனது. அவர் திரும்பத் திரும்ப அழுத்தினார். பிறகு எல்லாம் சேர்ந்து "தண்ணி வேணும், தண்ணி வேணும்" என்று என் குரலில் விடாமல் கத்தியது. மௌஸைத் தூக்கி எறிந்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நானும் அழுதுவிட்டேன். ஜன்னல் ஒலிக்காகக் காத்து நிற்காதபடி ஒலியைத் தனியாக ஓடவிட வேண்டும் என்று அடுத்த வகுப்பில்தான் தெரிந்தது.

அதைச் சரிசெய்த பிறகும் அவர் எதையும் அழுத்தவில்லை, லோஷினி. இடது கையால் அம்புக்குறியை நகர்த்தி, பட்டனே இல்லாத வெற்று மூலையில் கொண்டுபோய் நிறுத்துவார். நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். டிவியா, கோயிலா, பழைய கூட்டாளிகளா என்று கேட்டுப் பார்த்தேன். எதற்கும் தலையை ஆட்டவில்லை. கடைசியில் சுவரில் இருக்கும் உன் பட்டமளிப்புப் படத்தைக் கையால் காட்டினார்.

உன் படம் போட்டு ஒரு பட்டன் வைத்தேன். "லோஷினி" என்று என் குரலில் பதிவு செய்தேன். கேட்டுவிட்டு வேண்டாம் என்று கை அசைத்தார். அவருடைய குரல் வேண்டுமோ என்று தோன்றியது. நீ மூவாரில் ஹாஸ்டலில் இருந்தபோது நம் குடும்பக் குழுவில் அவர் அனுப்பிய குரல் செய்திகள் என் போனில் இன்னும் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். சாப்பாட்டைப் பற்றி, பரீட்சையைப் பற்றி, எதற்கும் அசையவில்லை. ஒன்று வந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "லோஷி, இங்க மழ ஊத்துதும்மா. பஸ்ல வராத. அப்பா வந்து ஏத்திக்கிறேன்."

அதைத்தான் வைத்திருக்கிறேன்.

நீ கிளம்பிய அன்று அவர் என்ன சொன்னார் என்று நானும் கேட்டேன். போனால் இந்த வீட்டுப் படி ஏறாதே என்றார். அப்பா பார்த்த அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று நீ சொன்னது தப்பென்று நான் அன்றும் நினைக்கவில்லை. ஆனால் சொன்னதைத் திரும்பப் பெற இப்போது அவரிடம் வார்த்தை இல்லை. இருக்கிற குரல்களில் தேடி ஒன்றை எடுத்திருக்கிறார்.

காலையில் காப்பி குடித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். என் போன் அடித்தால் திரும்பிப் பார்க்கிறார். யாரோ கஸ்டமர் சர்வீஸ் என்று தெரிந்ததும் மறுபடி திரையைப் பார்க்கிறார். எனக்கும் ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், துணி காயப்போடப் போய்ப் பாதியில் திரும்பி வருகிறேன். இன்னொரு தடவை பக்கவாதம் வந்தால் அப்பா தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதை உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை.

இந்த வாரம் ஒரு நாள் வீடியோவில் கூப்பிடு. என்னைக் கேட்காதே, "அப்பா" என்று கூப்பிடு. இடது கை அவருக்கு இன்னும் பழகவில்லை. அம்புக்குறி உன் படத்தைப் போய்த் தொட நேரமாகும். அதுவரை ஒரு சத்தமும் வராது. லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதேம்மா.

எங்கே இருந்தாலும் நீ குறையில்லாமல் இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா வாசுகி