கல்லுடைக்கப் போன ஜீப்

13-10-1968, ஞாயிறு இரவு

பெங்களூர் பட்டாள ஏலத்தில் உருக்குலைந்து கிடந்ததை வாங்கி, ஒரு வருடம் பாடுபட்டு அப்பா ஓட வைத்த ஜீப் இன்று போய்விட்டது. முழுசாக வைத்துக்கொள்கிறவருக்குத்தான் கொடுப்பேன் என்று இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார். பர்கூர் கல்குவாரிக்காரர், "ஊட்டுக்குத்தாங்க. பூவாட்டம் வெச்சுக்கறேன்" என்றதும் சரி என்றுவிட்டார்.

நான் காபி கொண்டுபோனபோது குவாரிக்காரர் தன் டிரைவரிடம் தெலுங்கில், எஞ்சினைக் கழற்றிக் கல்லுடைக்கும் மிஷினுக்குப் பூட்டு, மிச்சத்தை எடைக்குப் போட்டுவிடு என்றார். இருவரும் சிரித்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த அப்பாவுக்குத் தெலுங்கு தெரியாது. குழாயடியில் பெண்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புரியும். வெளி ஆண்கள் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டிருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை.

சாப்பிடும்போது அப்பா கேட்டார். "அவிய ரெண்டு பேரும் என்னமோ பேசிச் சிரிச்சாவளே, என்னத்துக்குப் பிள்ள?"

அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"வண்டி ராசாவாட்டம் இருக்குன்னாங்கப்பா" என்றேன்.

"நல்ல மனுசன்" என்று இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். கொட்டகையில் பாதி வேலையில் நிற்கிற இன்னொரு ஜீப்பையும் முடித்து அவருக்கே கொடுக்கப் போகிறாராம்.