இடது மூலையில் கிடப்பவன்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவும் நீயும் நலம்தானே? இருபதடிப் போர்க்கள ஓவியம் ஒருவழியாக வரைந்து முடிந்தது. இந்தக் கடிதத்தோடு அதன் போட்டோ வைத்திருக்கிறேன். இந்த மாதமே ராணுவ மண்டபத்தில் மாட்டுகிறார்கள். ஏணியில் ஏறி இறங்கி முட்டி கழன்றுவிட்டது. கத்தி ஓங்குகிறவனாக நிற்க ஆயிரம் பேர் வருகிறார்கள். பிணமாகப் படு என்றால் ஒருத்தனும் வரமாட்டேன் என்கிறான். என்ன கூத்து பார். எல்லையிலிருந்து உன் மகன் எழுதினானா?

அன்புத் தம்பி

மார்ச் 11

தம்பி,

போட்டோவைப் பார்த்தேன். இடது மூலையில், குதிரைக் காலடியில் கிடப்பது என் பிள்ளை. வலது கையைத் தலைக்குக் கொடுத்து, வாயைக் கொஞ்சம் திறந்து. போன லீவில் உன் ஸ்டுடியோ சோபாவில் தூங்கினானே, அப்போது வரைந்துகொண்டாயா? அவன் நிற்கிற இடத்தில் தினமும் குண்டு விழுகிறது. உனக்குப் பிணத்துக்கு வேறு முகமே கிடைக்கவில்லையா? மாமா, "படந்தானே, விடு" என்கிறார். என்னால் விட முடியவில்லை. அழித்துவிடு, கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்கா,

தப்புதான். உன் கடிதம் வந்த அன்றே சுரண்டிவிட்டேன். இப்போது அங்கே ஒரு தாடிக்காரக் கிழவன் கிடக்கிறான். கவலையை விட்டு வேளாவேளைக்குச் சாப்பிடு.

தம்பி

ஏப்ரல் 26

தம்பி,

என் பிள்ளையின் அடக்கத்துக்கு வந்தபோது நீயும் பார்த்தாய், பெட்டியை ஆணி அடித்துத்தான் கொண்டுவந்தார்கள். "பெத்தவ நான் அவன் முகத்தப் பாக்க வேணாமா?" என்று கேட்டேன். அதிகாரி கையெழுத்துப் போடப் படிவத்தை நீட்டினார்.

வீட்டில் இருக்கும் போட்டோவெல்லாம் விறைப்பாக நிற்பவை. அவன் தூங்கும் முகம் எனக்கு மறந்துகொண்டே வருகிறது. நான் சொல்லித்தானே அழித்தாய். ஞாபகத்திலிருந்து மறுபடி வரைந்து தருவாயா?

அக்கா

மே 2

அக்கா,

அழிக்கவில்லை. பொய் சொன்னேன். நாற்பது வருஷத்தில் நான் போட்ட ஒரே உண்மையான முகம் அது. சுரண்டக் கத்தியை எடுத்தேன், மனசு வராமல் வைத்துவிட்டேன். இன்னும் அங்கேயேதான் கிடக்கிறான். அடக்கத்தன்று உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எப்படி வேண்டுமானாலும் திட்டு.

தம்பி

மே 9

படத்தினால் ஆள் சாவதில்லை, எனக்கும் தெரியும். ஆனால் உன் பேச்சை நம்பி நான் நிம்மதியாகத் தூங்கிய நாளெல்லாம் என் பிள்ளை அங்கே செத்துக் கிடந்தான். நீ பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய்.

சனிக்கிழமை காலை மண்டபத்துக்கு வருகிறேன். இடது மூலைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல். நீ வரவேண்டாம். இனி எழுதவும் வேண்டாம்.

அவன் அம்மா