வெள்ளையாக விட்ட கேள்வி

நக்குரு
24.7.1994

அன்புள்ள அப்பாவுக்கு வைரிமு எழுதுவது.

இங்கே நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன மாதமே எழுதியிருக்க வேண்டும், வங்கி வேலையில் தள்ளிப்போய்விட்டது.

உங்கள் பேரன் தெயூரி வரலாற்றில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கியிருக்கிறான். கணக்கில் எண்பது வாங்குகிற பிள்ளை. பயந்துபோய் ஆசிரியர் கிமாருவைப் பார்த்தேன். "உங்க பையன் மட்டுமில்லம்மா, நாற்பத்திரண்டு பேர்ல ஆறு பேர்தான் பாஸ்" என்றார். நாலு பேருக்கு ஒரு புத்தகமாம். இவர் சொல்லச் சொல்ல எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். "மறுநாள் கேட்டா முழிக்குதுங்க." நாற்பது வருடத்துக்கு முன் தன்னை எதிர்த்தவர்களைப் பிடிக்க வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சிக்கு அந்தப் புத்தகத்தில் நாலே வரி. வீட்டில் கேட்டு எழுதி வாருங்கள் என்றால் பாதி வகுப்பு வெற்றுத்தாளை நீட்டுகிறதாம். "தெரியாதவன் எதையாவது கிறுக்கி வைப்பான். வெள்ளையா விடுறவன் வீட்லதாம்மா விஷயம் இருக்கு."

நம் வீட்டில் என்ன இருக்கிறது? கல்யாணமாகாமல் பதினேழு வயதில் நான் பெற்ற பிள்ளைக்கு உங்கள் பெயரை வைக்க விட்டீர்கள், என்னைக் கல்லூரிக்கும் அனுப்பினீர்கள். நீங்கள் சொன்னால் அவனுக்கு ஏறும். விடுமுறைக்கு அனுப்புகிறேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
வைரிமு

நியேரி
2.8.1994

என் அம்மாவுக்கு,

பேரனை அனுப்பு. பீன்ஸ் நன்றாக வந்திருக்கிறது. பசு கன்று போட்டிருக்கிறது, பால் குடித்துத் தேறட்டும்.

நீ கேட்டதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. பழசைப் படித்து யாருக்கு வேலை கிடைத்தது? கணக்கைக் கவனிக்கச் சொல்.

தெயூரி

நக்குரு
25.9.1994

அன்புள்ள அப்பாவுக்கு,

தெயூரி உங்களிடமிருந்து திரும்பி வந்து நான்கு வாரம் ஆகிறது. இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

தூறலில் புல் அறுக்கப் போனவன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டதற்கு அறைந்தீர்களாமே. என்னையும் அடித்திருக்கிறீர்கள், எட்டு வயதில், இதே சாக்குக்காக. நல்ல சாக்கை நனைத்துவிட்டேன் என்று கோபம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அழுதுகொண்டு நின்றவனைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெயர் கேட்டிருக்கிறார். சொன்னதும், "அந்தப் பேரையா வெச்சிருக்கா உங்கம்மா? உங்க தாத்தன் தலையாட்டித்தான் எங்கண்ணன் போனான். திரும்பி வரல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எமர்ஜென்சியில் தலையாட்டுவது என்றால் என்ன என்று கிமாருவிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, ஆள் காட்டுகிறவன் தலையோடு மாட்டி, பிடித்து வந்த ஆட்களின் எதிரே உட்கார வைப்பார்களாம். சாக்கு தலையாட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோய்விடுவார்களாம்.

உங்கள் அம்மாவின் பெயர் எனக்கு, அதனால் என்னை அம்மா என்கிறீர்கள். உங்கள் பெயர் அவனுக்கு, அதனால் நானும் அவனை அப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். இப்போது அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. "பேரை மாத்தணும்மா. வரலாறும் வேணாம், புவியியல் எடுத்துக்கிறேன்" என்கிறான். அடுத்த வருடத்துக்கு எந்தப் பாடம் என்று நவம்பருக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். ஆம் என்றாலும் எழுதுங்கள். அவனுக்கு ஒரு பக்கம் போதும்.

வைரிமு

நியேரி
16.10.1994

என் அம்மாவுக்கு,

இதைப் பையனிடம் கொடு.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. என்னையும் அடித்துத்தான் உட்கார வைத்தார்கள். ஆனால் தலையை ஆட்டியது நான். ஏழு பேர். பெயர்களைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், தகப்பன் பெயரோடு. மூன்றாவது ஆள் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். சாக்குக்குள் நான் இருமினேன். இருமலை வைத்தே என்னைக் கண்டுபிடித்தான்.

நீ குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாய். அதற்குப் பயந்து அவன் தலையில் என் பெயரைப் போட்டுவிட்டேன்.

எழுதி மார்க் வாங்கட்டும்.

தெயூரி

நக்குரு
4.12.1994

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் தாமதம்தான்.

உங்கள் கடிதத்தைத் தெயூரி நின்றுகொண்டே படித்தான். ஏழு பெயரையும் வாய்விட்டுப் படித்தான். ஆண்டுப் பரீட்சையில் மற்ற கேள்விகளுக்கெல்லாம் நன்றாக எழுதியிருக்கிறான். எமர்ஜென்சி கேள்விக்கு மட்டும் ஒரு முழுப்பக்கம் வெள்ளை. "தெரியலையாடா?" என்று கிமாரு கேட்டாராம். "தெரியும் சார்" என்றானாம். அவர் சுழி போட்டுவிட்டு எனக்குச் சொல்லியனுப்பினார்.

புவியியலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரவில்லை என்கிறான். வீட்டில் பீட்டர் என்று ஞானஸ்நானப் பெயரைச் சொன்னால்தான் திரும்புகிறான். நானும் அப்படியே கூப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நேற்று உங்கள் கடிதத்தைத் தேடினேன். காணோம். கேட்டதற்கு, வரலாற்றுப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன் என்றான், அந்த நாலு வரிப் பக்கத்தில். புத்தகத்தை வெள்ளிக்கிழமையே பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். மறந்து கொடுத்தானா, தெரிந்தே கொடுத்தானா, நான் கேட்கவில்லை. ஜனவரியில் அது வேறு நாலு பிள்ளைகளின் கைக்குப் போகும். உள்ளே இருக்கும் கடிதத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, பெயர் இருக்கிறது.

பள்ளியில் இன்னும் ஆள் இருக்கிறார்கள். நடந்தால் பத்து நிமிடம்.

நான் போய் வாங்கி வரவில்லை, அப்பா.

வைரிமு