என் கண்ணுக்குப் போட்டியாக ஒரு கருவி

செவ்வாய்க்கிழமை இரவு, கிள்ளான்.

படகுத்துறையில் புதுக்கருவி வைத்துவிட்டார்கள். அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, புகைமூட்டத்தில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளக்குமாம். இத்தனை வருடமாக அதைச் சொன்னது என் கண். நான் கைகாட்டாமல் ஒரு படகும் கிளம்பியதில்லை. ஒருமுறை அமைச்சரே காத்திருந்தார்.

இன்று முதலாளி இரண்டையும் சோதித்தார். "அங்கிள், அந்த மிதவை தெரியுதா?"

"தெரியுது பாஸ். அதுமேல உக்காந்திருக்கிற காக்காவும் தெரியுது."

அவ்வளவு தூரம் தெரிய வாய்ப்பே இல்லை என்றது கருவி. நான் மச்சினன் சேகரைப் பார்த்தேன். எப்போதும் நான் சொன்னதற்கு ஆமாம் போடுகிறவன்.

"ஒன்னும் தெரியல பாஸ். மாமாவுக்குக் கண்ணுல புரை லா. டாக்டரே சொல்லிட்டாரு."

முதலாளி என் வாக்கிடாக்கியை வாங்கி அவனிடம் கொடுத்தார்.

அவன் கிடக்கிறான். ஆனால் டாக்டரிடம் என்னோடு வந்தது என் மனைவி மட்டும்தான். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் செய்தாள். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"படகுல பிள்ளைங்க போகுதுங்க. தம்பிகிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்றது?" என்றாள்.

இப்போது சொட்டுமருந்தோடு பக்கத்தில் நிற்கிறாள். நிற்கட்டும். இன்னும் ஒரு பக்கம் எழுதப்போகிறேன்.